யேனா நகரத்துச் சாசனம்

தொழில் நகரம் என்றதும் புகை கக்கும் ஆலைகளே மனக்கண்முன் தோன்றுகின்றன. ஜெர்மனியில் துரிங்கியா மாகாணத்து ஸாலே நதிக்கரையிலுள்ள யேனா நகரமோ வேறு ரகத்தைச் சேர்ந்தது. ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். 1558-ல் ஏற்பட்ட சர்வகலாசாலையே நெடுங்காலம் அதன் பெருமையாக இருந்தது.

அங்கே 1846-ல் கார்ல் ஸைஸ் என்பவர் சிறு பட்டறையொன்று திறந்து மைக்ராஸ்கோப்புகள் செய்யலானார். வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே அக்காலத்து வழக்கம். இந்தக் குருட்டு முறையில் திருப்தியுறாத ஸைஸ், 1866-ல் சர்வகலாசாலையின் பௌதிக ஆசிரியர் எர்ன்ஸ்ட் ஆபேயைத் துணைக்கழைத்தார். கணிதம் பட்டறைக்குள் புகுந்தது. 1884-ல் ஓட்டோ ஷாட்டின் கண்ணாடி ஆலையும் சேர்ந்தது.

இவையெல்லாம் பிற ஊர்களிலும் நடந்திருக்கலாம். நம் கவனத்தைக் கவருவது பின்னர் நடந்ததே. நூற்பாலையில் நாள் முழுதும் நின்று உழைத்த தொழிலாளியின் மகன் ஆபே. ஸைஸ் 1888-ல் காலமானபின், 1889-ல் ஸைஸின் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, தம் உடைமைப் பங்கையும் அதற்கே எழுதிக் கொடுத்தார். 1896-ல் வெளியான சாசனம், அதிகாரிகளின் சம்பளம் தொழிலாளியின் சராசரி வருமானத்தில் பத்து மடங்குக்கு மேற்படலாகாதென்று விதித்தது. 1900-ல் வேலை நேரம் எட்டு மணியாயிற்று. கணக்கெடுத்துப் பார்த்ததில் உற்பத்தி குறையவில்லை!

இது தயாள முதலாளி ஒருவரின் கொடை என்று சிலர் கூறக்கூடும். நாம் அதனை ஒப்புவதற்கில்லை. கொடுத்தவன் மனம் மாறினால் கொடை நின்றுபோகும். ஆபேயோ ஓய்வூதியம் முதலியவற்றைத் தொழிலாளி நியாயஸ்தலத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக்கினார். கொடைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர்.

ஆயினும் எச்சாசனமும் மந்திரக் கவசமன்று. நாஜி ஆட்சியில் அதே ஆலைகளில் ஆயிரக்கணக்கான அந்நியர் பலவந்தமாக வேலை வாங்கப்பட்டனர். 1945-ல் அமெரிக்கர் நிபுணர்களை மேற்கே அழைத்துச் சென்றனர். ரஷ்யர் யந்திரங்களைக் கழற்றிச் சென்றனர். 1948-ல் ஆலை சர்க்கார் உடைமையாயிற்று. 1990-ல் ஜெர்மனி ஒன்றுபட்டபின், பல்லாயிரவர் வேலையிழந்தனர். அந்தக் கசப்பை அவ்வூரார் எளிதில் மறக்கமாட்டார்கள்.

எனினும் வில்லைத் தொழிலும் கண்ணாடித் தொழிலும் அங்கே அழியவில்லை. 2004-ல் ஸைஸ், ஷாட் ஆகிய இரு தொழில்களும் கூட்டுப் பங்குக் கம்பெனிகளாக மாற்றப்பட்டபோதும், இவ்விரு தாய்க் கம்பெனிகளின் பங்குகள் முழுதும் ஆபே அமைத்த தர்ம ஸ்தாபனத்தின் வசமே வைக்கப்பட்டன.