நாலாவது பத்தியைக் காணோம்!

'எமிலி டிக்கின்ஸன் 1830-ல் ஆம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் பிறந்தார். வெள்ளை உடை அணிந்தார். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டார். 1886-ல் இறந்தார்...'

இப்படி ஆரம்பிக்கும் ரிசர்ச் பேப்பர்களைத் திருத்தித் திருத்தியே நொந்துபோன ஹைஸ்கூல் டீச்சர்கள் அமெரிக்காவில் ஏராளம். பி.ஏ. இங்கிலீஷ் மக்களே, ரொம்ப சிரிக்காதீங்க. உங்க அமெரிக்கன் லிட்டரேச்சர் அசைன்மென்ட் மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?

நாலு இடத்துல சுட்டு ஒரு இடத்துல ஒட்டுனா அதுதான் ரிசர்ச்னு பசங்க நெனைக்கிறாங்க. முன்னே என்சைக்ளோபீடியா, அப்புறம் நெட், இப்போ ஏ.ஐ. திட்டிப் பிரயோஜனமில்லை. கேள்வியை மாத்தணும். கண்ணால பார்த்தாத்தான் பதில் சொல்ல முடியும்ங்கிற மாதிரி ஒரு கேள்வி!

அதுக்கு எமிலி அம்மையார் மாதிரி ஆள் கிடைக்க மாட்டார். கிட்டத்தட்ட 1,800 கவிதை எழுதினவர். உயிரோட இருந்தப்போ அச்சானது பத்து சொச்சம்தான். தாளை மடிச்சு, ஊசி நூலால தைச்சு வெச்ச 40 சின்ன நோட்டுகளை அவர் இறந்த பிறகு தங்கச்சி லவினியா கண்டெடுத்தார். 1890-ல் முதல் புத்தகம் வந்தது. எடிட் பண்ணின மேபல் டாட், ஹிக்கின்ஸன் ரெண்டு பேரும் கோடுகளை எடுத்தாங்க, தலைப்பு வெச்சாங்க, சில இடத்துல சொல்லையே மாத்திட்டாங்க.

மரணம் ஒரு கனவான் மாதிரி வண்டியில வந்து கூட்டிட்டுப் போற கவிதை தெரியுமில்லையா? 1890 புத்தகத்துல அதுக்கு 'தி சாரியட்'னு தலைப்பு, மொத்தம் அஞ்சு பத்தி. 1955-ல் தாமஸ் ஜான்சன் கொண்டுவந்த பதிப்புல ஆறு! காணாமப்போனது நாலாவது. சூரியன் தாண்டிப் போக, பனி இறங்க, மெல்லிசு உடையில அந்தப் பெண் குளிர்ல கிடக்கிற இடம் அது.

அவ்வளவுதான் அசைன்மென்ட். ரெண்டு பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வை. அந்தப் பத்தி இல்லேன்னா கவிதை என்னாகுது? என்னைக் கேட்டா, அது இல்லாட்டி ஜாலியான சவாரி. இருந்தாத்தான் உடம்பு நடுங்குது. 'இல்ல சார், இல்லாமலே நல்லாருக்கு'ன்னு ஒருத்தன் எழுதலாம். தாராளமா எழுதட்டும்... வரியைக் காட்டி எழுதணும்! இடைவேளையில முட்டி மோதுற பள்ளிப் பிள்ளைங்க 1890 அச்சுல சமர்த்தா விளையாடுறாங்க. ஸ்கூல் பசங்களே இதைக் கண்டுபிடிச்சா எப்படி இருக்கும்! (எடிட்டர்களை வில்லனாக்கிடாதீங்க. அவங்க இல்லேன்னா 1890-ல் அந்தப் புத்தகமே கிடையாது.)

கையெழுத்துப் பிரதிகளுக்கு ஹார்வர்டு வரைக்கும் போக வேண்டாம். 2013-ல் ஆரம்பிச்ச எமிலி டிக்கின்ஸன் ஆர்க்கைவில் படங்கள் இலவசம். சில கவிதைகள்ல ஒரு சொல்லுக்கு மேல குட்டியா கூட்டல் குறி போட்டு, அடியில மாற்றுச் சொற்களும் எழுதி வெச்சிருப்பார். எது ஃபைனல்? அவர் சொல்லலை. பதினாறு வயசுப் பையன் ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லியாகணும். எந்த கைடுலயும் ரெடிமேடா கிடைக்காத பாரா அது.

ஒண்ணு, முதல் பீரியட் பூரா எழுத்துக் கூட்டியே போயிடும். அவர் கையெழுத்து அப்படி! பாறையில பதிஞ்ச பறவைக் கால்தடம் மாதிரின்னு ஹிக்கின்ஸனே எழுதியிருக்கார்.