தலைவிதியா? கூலி விதியா?

தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி செத்தால் நம் நாட்டில் இரண்டு காரணங்கள்தான் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அவன் தலைவிதி" என்பது. மற்றொன்று, "அவன் அஜாக்கிரதை" என்பது. முன்னதைச் சொல்லுகிறவர் புரோகிதர். பின்னதைச் சொல்லுகிறவர் முதலாளி. இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் குற்றம் செத்தவன் தலையில் விழுகிறதே ஒழிய, வேலை வாங்கினவன் மீது ஒரு தூசுகூடப் படுவதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சிவகாசிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 30-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகும் அந்த வட்டாரத்தில் வெடி விபத்து நின்றபாடில்லை. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கலவைக்கு உராய்வும் சூடும் ஆகா என்பதும் அங்குள்ள தொழிலாளிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் அவசரப்படுகிறான்? செய்து முடித்த எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் பலருக்கும் கூலி. தீபாவளி நெருங்க நெருங்கச் சரக்குக்கு அவசரம். நிதானமாகச் செய்கிறவனுக்குக் கூலியும் குறைவு, பயந்தாங்கொள்ளி என்ற பட்டமும் உண்டு. மெதுவாய்ச் செய் என்று சுவரில் எழுதிவிட்டு, வேகமாய்ச் செய்தால்தான் சோறு என்று கூலியில் எழுதி வைத்தால், எந்த எழுத்தை அவன் படிப்பான்?

இனி, நம்மவர்களின் பக்தியைப் பாருங்கள். ஆயுதபூஜையன்று மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, பூசணிக்காய்! அதே மிஷினின் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென்று 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டமே விதித்தது. உற்பத்தி குறைகிறதென்று தடுப்பைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தால் விரல் தப்புமா? சக்கரத்துக்கு ஆஸ்திகன், நாஸ்திகன் என்ற பேதம் கிடையாது. தடுப்பு இருந்தால் இருவர் விரலும் தப்பும். இல்லாவிட்டால் இருவர் விரலும் போகும்.

நிற்க. பூஜை போடாத நாட்டிலும் கூலிப் பயம் இருந்தால் கதை இதுதான். வங்காள தேசத்தில் டாக்காவுக்கு அடுத்த சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் 2013-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி பெரிய வெடிப்புகள் கண்டன. அதிலிருந்த பாங்கி தன் சிப்பந்திகளை வெளியே அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் துணி தைத்த தொழிலாளிகளோ, வராவிட்டால் சம்பளம் போகும் என்று மிரட்டப்பட்டு மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். கட்டிடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். வெடிப்பைப் பாங்கிச் சிப்பந்தியும் கண்டான், தையல்காரியும் கண்டாள். அறிவில் பேதமில்லை. "மாட்டேன்" என்று சொல்லுவதற்கு அவளுக்குச் சக்தியில்லை. அவளுக்காகப் பேச ஒரு சங்கமும் அங்கு இல்லை.

ஆகவே, ஜாக்கிரதை என்பது தொழிலாளிக்குப் பிரசங்கம் செய்து புகட்டும் குணமல்ல. பயமில்லாமல் மறுக்கக்கூடிய இடத்தில் அது தானாக வளரும். உடனடியான பேராபத்து உண்டென்று நியாயமாக நம்பி விலகிய தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1981-ல் செய்த 155-வது உடன்படிக்கை சொல்லுகிறது.

தோழர்களே! "ஏன்?" என்று கோயில் வாசலில் கேட்கக் கற்றுக்கொண்டோம். அதே கேள்வியை மில் வாசலிலும் கேட்க வேண்டும். தடுப்பு எங்கே? அறையில் ஏன் இத்தனை பேர்? வேகத்துக்கு ஏன் கூலி? இவற்றைச் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். செத்த பின் வரும் நஷ்டஈட்டைவிட, "இந்த நிலையில் வேலை செய்ய மாட்டேன்" என்று சொன்ன அன்றும் குறையாமல் வரும் கூலியே தொழிலாளியைக் காப்பாற்றும்.