இன்ஜெக்டர் மாற்றினால் இழுவை கூடுமா?



நேற்று திண்டிவனத்தில் என் பழைய மாணவரின் மகன், "பைக்குக்குப் பெரிய இன்ஜெக்டர் போடப்போறேன் தாத்தா, குதிரைத்திறன் கூடுமாம்" என்றான்.

விறகடுப்பு ஊதியவர்களுக்குத் தெரியும், காற்றில்லாமல் விறகைத் திணித்தால் புகைதான் வரும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான். சிலிண்டரில் ஆயில் படலம் கழுவிப்போய் இன்ஜின் தேயும். 2019 திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

இழுவை குறைந்தால் முதலில் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து பாருங்கள்.

விழுப்புரம் நெடுஞ்சாலையில் என் மாணவர் இருவரைப் பறிகொடுத்தேன். அவர்கள் வண்டியில் வேகம் குறைவாக இருந்ததில்லை. பெற்றோரே, அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்