குறுந்தகட்டில் உறங்கும் குரல்கள்

 

உங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் ஒரு கட்டுக் குறுந்தகடுகள் இருக்கக்கூடும். சவூதியிலிருந்து வந்தவர்கள் கொணர்ந்த கிராஅத் தகடுகள், 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் பாடல்கள், பிள்ளைகளின் நிக்காஹ் மஜ்லிஸில் பதிவு செய்தவை, இன்று நம்மிடையே இல்லாத அத்தாவின் குரல் அடங்கியது என்று பல வகையாக அவை இருக்கும். தகடு ஓட்டும் கருவி பழுதாகிவிட்டது. ஆகவே, "இதைச் செல்போனில் ஏற்றித் தா" என்று பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். சிறிது நேரத்தில் 'முடிந்தது' என்று கணினி அறிவிக்கிறது. முடிந்ததென்றால் பிழையின்றி முடிந்தது என்று பொருளல்ல என்பதே இம்மாதம் நாம் உணர வேண்டிய செய்தி.

முதலில், கையிலிருப்பது எவ்வகைத் தகடு என்று அறிதல் வேண்டும். நூறு பாடல்களுக்கு மேல் அடங்கியிருந்தால் அது பெரும்பாலும் எம்.பி.3 தகடு. அதிலுள்ள கோப்புகளை அப்படியே கணினியில் நகல் எடுத்தால் போதும். 74 அல்லது 80 நிமிடம் மட்டுமே ஓடுவது ஒலித்தகடு. இதைக் கணினியில் திறந்தால் 'சி.டி.ஏ.' என்ற பெயரில் கோப்புகள் தோன்றும். பலர் இவற்றைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, பாட்டு வரவில்லையே என்று வருந்துவதுண்டு. அவை ஒவ்வொன்றும் வெறும் 44 பைட் அளவுள்ளவை. பாடல் தகட்டில் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் விலாசமே அன்றிப் பாடல் அன்று. ஒலித்தகட்டிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கத் தனி மென்பொருள் தேவை.

பழுதை மறைக்கும் தகடு

ஒலித்தகட்டில் ஒரு வினாடி ஒலி, ஒவ்வொரு பக்கத்து ஒலிபெருக்கிக்கும் 44,100 எண்களாக எழுதப்பட்டுள்ளது. சிறு கீறலால் அவற்றுள் சில அழிந்தாலும் பாட்டு கெடாமலிருக்க, 1960ஆம் ஆண்டு ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழைதிருத்த முறையைத் தகட்டை உருவாக்கியோர் கையாண்டனர். தறியோசை கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில் மக்களுக்கு இது எளிதில் விளங்கும். எண்களை வரிசையாக எழுதாமல், ஊடும் பாவும் போலப் பிரித்துப் பல இடங்களில் பரப்பி வைத்துள்ளனர். ஓரிடத்தில் இழை அறுந்தால், சுற்றியுள்ள இழைகளைக் கொண்டு அதை மீட்டுவிடலாம். தடத்தின் நீளவாக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் முழுமையாக மீட்க இயலும்.

துணியே கிழிந்தால்? ஒட்டுத்தான் போட வேண்டும். தகடு ஓட்டும் கருவியும் அதையே செய்கிறது. அழிந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைப் பார்த்து ஓர் எண்ணை ஊகித்து இட்டு நிரப்புகிறது. அதுவும் இயலாதபோது அவ்விடத்தை மௌனமாக்கிவிடுகிறது. எம்.பி.3 போன்ற கோப்புகள் அடங்கிய தகட்டில் ஊகத்திற்கு இடமில்லை. ஆதலால் 'சைக்ளிக் ரிடண்டன்ஸி செக்' என்ற பிழைச்செய்தியைக் காட்டிக் கணினி நின்றுவிடுகிறது. நிற்பதே நன்மை, பழுது நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒலித்தகட்டிலோ பழுது சொல்லாமலே நகலில் குடியேறிவிடுகிறது.

பாடலில் ஒரு 'டிக்' ஓசை கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கிராஅத்தில் ஓரெழுத்து விடுபட்டால் பொருளே மாறிவிடக்கூடும். அதைக் கேட்டு மனனம் செய்யும் ஹிப்ழு மாணவன் பிழையோடு மனனம் செய்துவிடுவான். எனவே இதை அற்பமாகக் கருதலாகாது.

செய்ய வேண்டியவை

தகட்டை மென்மையான பருத்தித் துணியால், மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தோடு ஒட்டி ஓடுவதால், ஒரே இடத்தில் பல எண்கள் அழியும். அழுக்கு மிகுந்திருந்தால் நீரும் சிறிது சோப்பும் போதும்; மண்ணெண்ணெய், தின்னர் போன்றவை வேண்டா. பெயர் அச்சிட்ட மேற்புறத்தைப் பளபளக்கும் அடிப்புறத்தைவிடக் கவனமாகப் பேணுங்கள். தகட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர். ஒலியைத் தாங்கும் படலம் மேற்புறப் பூச்சின் அடியிலேயே இருப்பதால், அங்கே விழும் கீறலுக்கு மருந்தில்லை.

மென்பொருளில் 'பிழைதிருத்தம்' என்ற வசதி இருப்பின் அதை இயக்குங்கள். 1998இல் வெளிவந்த 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்னும் இலவச மென்பொருள், ஒவ்வொரு பகுதியையும் இருமுறையேனும் படித்து ஒப்பிடும். இரண்டும் ஒவ்வாவிடில் மீண்டும் மீண்டும் படிக்கும். அப்போதும் ஐயம் தீராவிடில், எத்தனையாவது நிமிடத்தில் ஐயம் என்று அறிக்கை தரும். அவ்விடங்களை மட்டும் காதுகொடுத்துக் கேட்டால் போதும். கிராஅத்தாயின் முஸ்ஹபைக் கையில் வைத்து முழுவதும் கேட்பதே முறை.

அப்போதும் பிழை நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள். நான்கு மடங்கு வேகத்தில் 74 நிமிடத் தகட்டைப் படிக்கக் குறைந்தது 19 நிமிடம் ஆகும். பொறுமை காத்தல் நலம். பின்னர் வேறொரு டிரைவில் இட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை மற்றொன்று படித்துவிடுவதுண்டு. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிரைவ் இல்லை, யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் ஒன்றை உறவினர் நால்வர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

பாடல்களுக்குத் தொடர்பில்லாத பெயர்கள் வந்தால் அஞ்சற்க. பெரும்பாலான ஒலித்தகடுகளில் பெயர்கள் எழுதப்படவில்லை. பாடல்களின் கால அளவைக் கொண்டு இணையத்தில் தேடிக் கணினி பெயரிடுகிறது. அதைத் திருத்தி, யார் குரல், எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்பதைத் தமிழிலேயே எழுதிவையுங்கள்.

எதை முதலில்?

கடையில் வாங்கிய தகடு அச்சில் வார்த்தது. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்த தகடோ சாயப் பூச்சில் எழுதப்பட்டது. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தைக் கெடுக்கும். நம் ஊரின் கோடையைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கண்ட தகடு இன்னும் எத்தனை நாள் படிக்கும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. கடைப் பாடலை மீண்டும் தேடிப் பெறலாம். அத்தாவின் குரலுக்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே வீட்டுப் பதிவுகளையே முதலில் எடுங்கள்.

எடுத்ததை 'ஃபிளாக்' என்னும் இழப்பில்லா வடிவில் ஒன்று காத்து, அதிலிருந்து செல்போனுக்கு எம்.பி.3 செய்துகொள்ளுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் மற்றொன்று வெளியூரிலுள்ள மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். விலைக்கு வாங்கிய பாடல்களின் நகல் சொந்தப் பயன்பாட்டோடு நிற்கட்டும். அவற்றைப் பெருக்கி விற்பது பிறர் உரிமையைப் பறிப்பதாகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளை உடன் அமர்த்தி, அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு தகட்டை எடுத்துத் தொடங்குங்கள். பேரனைக் காணாத பாட்டனார் அவனோடு பேசும் வாய்ப்பு அதில் இருக்கிறது.