சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் கடவுள்

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வரவும் செலவும் டேலி ஆகவில்லை, தப்பு எங்கே என்றும் பிடிபடவில்லை. அப்போது அந்த வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாக ஒரு கணக்கில் தூக்கிப் போட்டு வைப்பார்கள். தப்பு கிடைத்ததும் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். மூடாமல் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், ஒன்று கணக்கு எழுதியவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது யாரோ பணத்தைத் தின்றுவிட்டார்கள்.

நம் நாட்டில் சாவுகளுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் ‘கடவுள் சித்தம்’.

2011 டிசம்பர் 25. பழவேற்காடு ஏரியில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்தது. 22 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள், குழந்தைகள் உட்பட. இந்த மாதிரி வீடுகளில் ‘ஆண்டவர் அழைச்சுக்கிட்டார்’ என்றுதான் ஆறுதல் சொல்வார்கள். அதை நான் கேலி செய்யப்போவதில்லை. அழுகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ஆனால் அதே வாக்கியம் துக்க வீட்டைவிட்டுக் கிளம்பி அரசாங்க ஆபீசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு எரிகிறது. அந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? லைஃப் ஜாக்கெட் யார் தரணும்? யார் பார்த்துக்கொண்டிருக்கணும்? ‘விதி’ என்று ஒரு வார்த்தை எழுதினால் ஃபைல் க்ளோஸ்.

சட்டத்திலேயே ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று ஒரு சங்கதி உண்டு. எங்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பரில் வரும். மனிதனால் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் தடுக்கவும் முடியாதது என்று அர்த்தம். 2016-ல் கொல்கத்தாவில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் இடிந்தபோது கம்பெனி அதிகாரி சொன்னது இதைத்தான். 2022-ல் குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் செத்தபோது பராமரிப்பு நிறுவனத்தின் மேனேஜர் கோர்ட்டில் சொன்னதும் கடவுள் சித்தம்தான். 2020-ல் ஜி.எஸ்.டி. வசூல் குறைந்ததற்கு மத்திய நிதியமைச்சர் சொன்ன காரணமும் ‘ஆக்ட் ஆஃப் காட்’. லாபம் வரும்போது மட்டும் கடவுளுக்கு யாரும் பங்கு எழுதியதாகத் தெரியவில்லை.

நல்லவர்களும் இந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம். அது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார் காந்தி. செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும்தானே இருந்திருப்பார்கள்? தாகூர் பகிரங்கமாகவே எதிர்த்தார். 2004 சுனாமிக்கும் நம் ஊரில் ஆளாளுக்கு ஒரு பாவத்தைக் காரணம் சொன்னார்கள். காஞ்சி சங்கராச்சாரியார் கைதானதால்தான் கடல் பொங்கியது என்றவர்கள்கூட உண்டு. அதற்கு அலை ஏன் காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு மீனவர் குப்பத்துக்கு வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

கேள்வி பழையது. கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் நல்லவர், அப்புறம் ஏன் குழந்தை முழுகிச் செத்தது? பெரும்பாலான மதங்கள் இதற்கு மழுப்புகின்றன. மழுப்பாத ஒரு கூட்டம் உண்டு. ‘பிராசஸ் தியாலஜி’ என்று பெயர். ஆரம்பித்து வைத்தவர் சாமியார் இல்லை, கணக்கு வாத்தியார். ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட். இவருடைய கடைசிப் பிள்ளை எரிக் 1918-ல் முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்தபோது செத்துப்போனான். வைட்ஹெட்டின் பெரிய புத்தகம் 1929-ல் வந்தது. பின்னால் சார்லஸ் ஹார்ட்ஷோர்ன், ஜான் காப், டேவிட் கிரிஃபின் என்று பலர் அதை வளர்த்தார்கள்.

அவர்கள் சொல்வதை நம் பாஷையில் சொன்னால் இப்படி. கடவுள் ராஜா இல்லை, போலீஸும் இல்லை. எதையும் கட்டாயப்படுத்தி நடத்த அவரால் முடியாது. ‘முடியும், ஆனால் சும்மா இருக்கிறார்’ என்பதில்லை. முடியவே முடியாது. உலகத்தில் ஒவ்வொன்றுக்கும், அலைக்கும் மணலுக்கும் மனுஷனுக்கும், அதது அளவுக்குச் சொந்தமாக ஒரு போக்கு உண்டு. கடவுள் செய்வது ஒவ்வொரு கணத்திலும் ‘இப்படிச் செய்தால் நன்றாக இருக்குமே’ என்று தூண்டுவது மட்டும்தான். கேட்பதும் கேட்காததும் நம் இஷ்டம். கேட்காமல் போய் நாம் அடிபட்டால் அந்த அடி அவருக்கும் விழுகிறது.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் முறை வைத்து ஏரியில் வலை கட்டுகிறார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. இந்த முறைக்குப் பெயர் ‘பாடு’. உழைப்பும் பாடுதான், கஷ்டமும் பாடுதான். அதே ஊரில் போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோயிலில், சிலுவையில் ஏசு பட்ட வேதனைக்கும் ‘பாடுகள்’ என்றுதான் பெயர். வைட்ஹெட்டின் கடவுளும் மேலே உட்கார்ந்து பாடு கொடுக்கிறவர் இல்லை, கூட நின்று பாடு படுகிறவர். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பாதிப் புத்தகம் மிச்சமாகியிருக்கும். (அந்தப் பாடுமுறையிலும் இருளர்களுக்கு இடமில்லை. அவர்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். அதைக் கடவுள் சித்தம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.)

‘ஒண்ணும் செய்ய முடியாத சாமியை எதுக்கய்யா கும்பிடணும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடலுக்குப் போகிறவர் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார். கும்பிட்ட கையோடு என்ஜினையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார். எல்லாம் சாமி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர் டீசல் போடாமல் அல்லவா கிளம்பணும்? 2015 வெள்ளத்தில் மீனவர்கள் கடல் படகுகளைச் சென்னைத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, முன்பின் தெரியாதவர்களைத் தூக்கி ஏற்றினார்கள். அந்த மழையில் கடவுள் எங்கே இருந்தார் என்று கேட்டால் பிராசஸ் தியாலஜிக்காரர்கள் மேகத்தைக் காட்ட மாட்டார்கள். ‘கிளம்பு’ என்று நெஞ்சுக்குள் ஒரு தள்ளு வந்ததே, அதைக் காட்டுவார்கள். தெய்வ அனுபவம் என்றால் அவர்களுக்கு அதுதான். விபூதி கொட்டுவது இல்லை.

எனக்கு இந்தக் கடவுள் இருக்கிறாரா என்று தெரியாது. ஆனால் யாரும் இவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. அது பிடித்திருக்கிறது.

பகுத்தறிவாளர்கள் சிரிக்க வேண்டாம். நீங்கள் ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதுகிறீர்களே, அதுவும் அதே சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் நாசமானது. மழை வானத்திலிருந்து வந்தது. எண்ணெய் வானத்திலிருந்து வரவில்லை.

பழவேற்காட்டு முகத்துவாரமும் இப்படித்தான். கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். படகு கடலுக்குப் போகாது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, இறால் இருக்காது. சில வருஷங்களில் மீனவர்களே காசு போட்டு மணலை வாரியிருக்கிறார்கள். நிரந்தரமாகத் திறந்துவைக்க அரசு பணம் ஒதுக்கியது பல வருஷக் கூக்குரலுக்குப் பிறகுதான். நம் கிழக்குக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் ஒரு துறைமுகம். காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் வந்தது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பித் தள்ளிவைத்தார்கள்.

மணலுக்குப் பாவம் புண்ணியம் தெரியாது. கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். அந்தச் சுவருக்கு வரைபடம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் இருக்கிறது. கடிதத்தின் கீழே கையெழுத்தும் தேதியும் ரப்பர் ஸ்டாம்ப்பும் இருக்கின்றன.