பொதிகையை மூடிய கை

பொதிகை மலை நெல்லைச் சீமையின் மேற்கெல்லையில் இன்றும் நிமிர்ந்தே நிற்கிறது. அதன் மடியிற் பிறக்கும் பொருநை, பாவநாசத்தில் தரையிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நெல்லை, திருவைகுண்டம் எனப் பாய்ந்து புன்னைக்காயலிற் கடல் சேர்கிறது. மலை அசையவில்லை; ஆறு வழிமாறவில்லை. ஆனால், அம்மலையின் பெயர் தாங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழர் இல்லங்களில் நாள் முழுதும் ஒளிர்ந்த 'பொதிகை'த் தொலைக்காட்சி இன்று இல்லை. திருவள்ளுவர் ஆண்டு 2055, தை 5ஆம் நாள் (19-1-2024), சென்னையில் இந்தியத் தலைமையமைச்சர் அதனை 'டி.டி. தமிழ்' என்னும் புதுப்பெயரில் தொடங்கி வைத்தார். அந்நாளோடு பொதிகை மூடப்பட்டது.

"ஒளிபரப்பு நடந்துகொண்டுதானே இருக்கிறது, மாறியது பெயர்தானே?" என்று அமைதி கூறுவார் உளர். அவர்க்குப் பொருநையே விடை கூறும். 'தாமிரபரணி' என்னும் வடமொழிப் பெயர் அதன்மேல் ஏறியபோது ஆற்றில் ஒரு துளி நீரும் குறைந்துவிடவில்லை. ஆயினும் இன்று அதன் கரையில் நீராடுவோரை நிறுத்திப் 'பொருநை எங்கே ஓடுகிறது?' என வினவினால், எத்தனை பேர் தம் காலடியைக் காட்டுவர்? பெயரிழந்த பொருள் முதலில் நாவிலிருந்து மறையும். பின்னர் நினைவிலிருந்து மறையும். அதன்பின், 'இது எமது' என்னும் உரிமையுணர்வும் மறையும். மூடுவதென்பது கதவை அடைப்பது மட்டுமன்று.

'தமிழ்' என்னும் மொழிப்பெயரே வந்துவிட்டதே, வேறென்ன வேண்டும் என்பது அடுத்த வாதம். 'டி.டி.' என்பது யாது? 'தூர்தர்சன்' என்னும் வடசொற் கூட்டின் ஆங்கில எழுத்துச் சுருக்கம். தலை வடமொழி, உடை ஆங்கிலம், வால் தமிழ்! இது பெயரன்று, தில்லிக் கிடங்கிலுள்ள சரக்கொன்றில் ஒட்டிய சீட்டு. மராட்டியர்க்குரிய அலைவரிசை 'சகியாத்திரி', குசராத்தியர்க்குரியது 'கிர்நார்', தெலுங்கர்க்குரியவை 'யாதகிரி', 'சப்தகிரி'. அனைத்தும் மலைப்பெயர்களே. பொதிகை வீழ்ந்த அந்நாளில் இவற்றுள் ஒன்றும் அசைக்கப்படவில்லை. சகியாத்திரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. பொதிகையோ அத்தொடரின் தென்பகுதி. ஒரே மலைத்தொடரில் வடபகுதியின் பெயருக்கு வாழ்வு, தென்பகுதியின் பெயருக்குச் சாவு! மொழிப்பெயர் மட்டுமே தாங்கிய அலைவரிசைகளும் உள என்பர். உள, மறுப்பில்லை. பெயரில்லாததற்குப் பெயரிடுவது வேறு. இருந்த பெயரைப் பறிப்பது வேறு.

இப்பறிப்பு ஒருநாளில் நேர்ந்ததன்று. 2020ஆம் ஆண்டின் இறுதியில், நாள்தோறும் காலையில் கால்மணி நேரம் தில்லியிலிருந்து வரும் சமற்கிருதச் செய்தியை ஒளிபரப்புமாறு மாநில அலைவரிசைகள் அனைத்திற்கும் ஆணை வந்தது. பொதிகையும் அதற்குத் தப்பவில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுமையிலும் சமற்கிருதத்தைத் தாய்மொழியெனக் குறித்தோர் 24,821 பேர். தமிழைக் குறித்தோர் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கம் பேர். செய்தி என்பது மக்களுக்கு அறிவிப்பது. கேட்பதற்கு மக்களே இல்லாத மொழியிற் செய்தி படிப்பது யாருக்கு அறிவிக்க? இவ்வீட்டின் தலைவர் யார் என்பதைத் தமிழர்க்கு அறிவிக்கவேயன்றோ!

பெயர் மாறிய அதே ஆண்டில், 18-10-2024 அன்று, அத்தொலைக்காட்சியின் சென்னை நிலையத்தில் இந்தி மாத விழா நடந்தது. தமிழ்நாட்டு ஆளுநர் கலந்துகொண்ட அவ்விழாவில் பாடப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தில், திராவிடம் என்னும் சொல் வரும் அடி விடுபட்டது. பாடியோரின் கவனச்சிதைவு எனக் கூறி நிலையம் வருத்தந் தெரிவித்தது. அச்சொல்லைப் பற்றித் தமிழரிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அவ்வழக்கைத் தமிழர் தமக்குள் தீர்த்துக்கொள்வர். ஆனால் அப்பாட்டை யாத்தவர் நெல்லையிற் கல்விப்பணி ஆற்றிய மனோன்மணீயம் சுந்தரனார். அவர் பெயரால் நெல்லையில் ஒரு பல்கலைக்கழகமே நிற்கிறது. அவர் பாட்டு, தமிழின் பெயரைத் தாங்கிய நிலையத்திலேயே, இந்திக்கு எடுத்த விழாவில் குறைபட்டது. பெயரில் தமிழ் இருந்தும் பயன் என்னை?

வானொலியின் நிலையும் இதுவே. பாளையங்கோட்டையில் 1963 முதல் இயங்கும் திருநெல்வேலி வானொலி நிலையம், பொருநைக் கரை உழவர்க்கும் முத்துநகர்க் கடலோடிகளுக்கும் ஊர்ச்செய்தி கூறிய வீட்டுக்குரல். வானொலி என்பது எத்துணை எளிய, இனிய சொல்! 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், இனி எங்கும் 'ஆகாசவாணி' என்றே கூறுக என ஆணை பிறந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பும் எழுந்தது. முதலில் வானொலியின் மேற் கை வைத்தனர். எட்டுத் திங்களில் பொதிகையின் மேல் வைத்தனர்.

பிறர் கொடுத்த குரல் பிறராலேயே அடைக்கப்படும் என்பதற்கு இலண்டனும் சான்று. பி.பி.சி. தமிழோசை 3-5-1941இல், உலகப்போர்க் காலத்திற் பிறந்தது. 76 ஆண்டுகள் சிற்றலை வழியே தமிழகத்திலும் ஈழத்திலும் ஒலித்தது. 30-4-2017 அன்று அவ்வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. திறப்பதும் அவர் தேவை. மூடுவதும் அவர் முடிவு. கேட்டிருந்த தமிழர்க்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

நோயின் வேர் எங்கே? இந்திய அரசியற் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, நடுவணரசுப் பட்டியலின் 31ஆம் இனத்தில் ஒலிபரப்பு அடைக்கப்பட்டுள்ளது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என உச்சநீதிமன்றம் 1995இலேயே கூறிற்று. மக்கள் சொத்து, ஆனால் பூட்டு தில்லியிடம்! 2019இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கெனக் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2022 அக்டோபரிலோ, மாநில அரசுகள் நேரடியாக ஒளிபரப்புத் தொழிலில் ஈடுபடலாகாது என நடுவண் அமைச்சகம் அறிவுறுத்தியது. தன் பிள்ளைகட்குப் பாடங் கற்பிக்கவும் தமிழ்நாடு பிறர் வாயிலில் நின்று இசைவு கேட்க வேண்டுமாம்!

தில்லியை மட்டும் பழித்துப் பயனில்லை. தமிழ்நாட்டில் நாள் முழுதும் செய்தி கூறும் தனியார் அலைவரிசைகளுள் எத்தனை தம் நெற்றியிலேயே ஆங்கிலத்தைச் சூடியுள்ளன! அவற்றின் செய்தியில் எத்தனைச் சொல் தமிழ்? அவற்றை யாரும் ஆணையிட்டு மாற்றவில்லை. தமிழரே விரும்பி மாற்றினர். தன் கடைப்பலகையில் தமிழை எழுத நாணுபவன், தில்லி தன் மலையின் பெயரை அழித்தது என்று அழுதால் யார் செவி சாய்ப்பர்? பொதிகை மூடப்பட்டபோது நெல்லையிற் கடையடைப்பு இல்லை. பொருநைக் கரையிற் கூட்டம் இல்லை. அவ்வமைதியே மூடிய கைக்கு வலிவு தந்தது.

இனிச் செய்யத் தக்கவை மூன்று. பொதிகை என்னும் பெயரை மீட்குமாறு, நெல்லை மாவட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானம் இயற்றுக. ஒலிபரப்பு உரிமையை மாநிலங்கட்கு மாற்றுமாறு தமிழகக் கட்சிகள் ஒருங்கே நின்று போராடுக. இவ்விரண்டிற்கும் முன்பாக, ஒவ்வொரு தமிழரும் தம் நாவிலிருந்து தொடங்குக: ஆற்றைப் பொருநை என்க, ஆகாசவாணியை வானொலி என்க, தம் தொழிலுக்கும் மகவுக்கும் தமிழ்ப்பெயர் இடுக. நாவில் வாழும் பெயரை எந்த ஆணையாலும் மூட இயலாது.