உத்தரவாதத் தாளும் விற்பவரின் நாவும்

நம் குடும்பங்களில் கார் வாங்குவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு வேளைகளில் எழுகிறது. வளைகுடாவிலிருந்து பிள்ளை விடுப்பில் வரும் வேளை ஒன்று. வீட்டில் நிக்காஹ் நாள் குறித்த வேளை மற்றொன்று. புதிய நடுத்தரக் கார் ஒன்றின் விலைக்கு ஏழெட்டு ஆண்டு ஓடிய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ ஆடியோ கிடைக்கிறதே என்னும் எண்ணம் அப்போதுதான் மனத்தில் நுழைகிறது. விலையைக் கேட்கிறோம், நிறத்தைப் பார்க்கிறோம், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம். வாரண்டி பற்றி மட்டும், "உண்டுதானே?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இவ்வகைக் கார்களில் ஆண்டுக்கு ஆண்டு வண்டியின் விலைதான் இறங்குகிறது. உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. 12 இலட்சத்துக்கு வாங்கிய பழைய வண்டிக்கும், 60 இலட்சத்துக்கு விற்ற புதிய வண்டிக்குரிய கியர்பாக்ஸைத்தான் மாற்றியாக வேண்டும். காற்றழுத்த சஸ்பென்ஷன், டர்போ, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்று பழுதானாலும் ஒரு சிறு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே, இங்கே வாரண்டி என்பது விலையின் ஒரு பகுதியாகவே எண்ணத்தக்கது.

எங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் பெருநகரக் கடையொன்றில் இத்தகைய கார் ஒன்றை வாங்கினார். "ஓராண்டு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி உண்டு, பாய்" என்று கடையில் சொன்னார்கள், தாளும் கொடுத்தார்கள். நான்காம் மாதத்தில் கியர் மாறும்போது வண்டி உதறத் தொடங்கியது. அன்றுதான் அந்தத் தாளை முழுமையாகப் படித்தோம். கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பற்சக்கரங்களுக்கு உத்தரவாதம் இருந்தது. அவற்றை இயக்கும் மின்னணுப் பாகத்துக்கு இல்லை. பழுதானதோ அந்த மின்னணுப் பாகம்தான். செலவு நான்கு இலட்சத்தைத் தாண்டியது. தாளிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. கடைக்காரர் சொன்னது முழுப் பொய் அன்று. முழு உண்மையும் அன்று. பணம் கொடுக்குமுன் தாளைப் படிக்காத பிழை எங்களுடையது.

வாங்கும் இடங்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, உற்பத்தி நிறுவனங்கள் தம் பெயரிலேயே நடத்தும் சான்றளித்த விற்பனை. பி.எம்.டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ், மெர்சிடிஸ் பென்ஸ் சர்ட்டிஃபைடு ஆகியவை இவ்வகையின. இங்கே விலை கூடுதல். ஆயினும் வண்டியின் சர்வீஸ் வரலாறு அவர்கள் கையிலேயே இருக்கும், வாரண்டியை ஏற்பதும் அதே நிறுவனத்தின் பணிமனையே. இரண்டாவது, பல நிறுவனங்களின் கார்களை விற்கும் கடைகளும் இணையவழி விற்பனையாளர்களும். இங்கே தெரிவு மிகுதி, விலை சற்றுக் குறைவு. ஆனால், வாரண்டியைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனமே தாங்குகிறது. மூன்றாவது, தரகர் வழியாகவோ நேரடியாகவோ தனிநபரிடம் வாங்குவது. விலை மிகக் குறைவு. வாரண்டி, அந்த மனிதரின் நாணயம் மட்டுமே.

தாள் எந்தக் கடையினதாயினும் பணம் கொடுக்குமுன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வாரண்டி தருபவர் யார்: உற்பத்தியாளரா, கடையா, மூன்றாம் நிறுவனமா? எந்தெந்தப் பாகங்கள் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளன, எவை விலக்கப்பட்டுள்ளன? ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டா? கூலியும் அதில் அடங்குமா? எந்தப் பணிமனையில் பழுது பார்ப்பார்கள்? கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ வாழும் குடும்பம், ஒவ்வொரு முறையும் வண்டியை ஏற்றிப் பெருநகரத்துக்கு அனுப்ப நேருமானால் அந்தச் செலவு யாருடையது? பிரேக் பேட், டயர், பேட்டரி போன்ற தேயும் பொருள்கள் பொதுவாக எந்த வாரண்டியிலும் சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்க. புது வாரண்டியோ நீட்டித்த வாரண்டியோ இன்னும் மிச்சம் இருப்பதாக விற்பவர் சொன்னால், சேசிஸ் எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்தின் பணிமனையிலேயே உறுதி செய்துகொள்வது நலம். ஓடிய கிலோமீட்டரையும் அதே சர்வீஸ் பதிவோடு ஒப்பிட்டால், மீட்டரைக் குறைத்திருந்தால் வெளிப்பட்டுவிடும்.

எந்த வாரண்டியும் ஈடு செய்யாத குறைகளும் உண்டு. 2015 இலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறை தெரியலாம். இருக்கைகளின் அடிக்கம்பிகளில் துரு தெரியலாம். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015 இல் கட்டுப்பாடு வந்த பின், அங்கிருந்து தென்னாட்டுக்கு வரும் கார்கள் பெருகின. அவற்றை வாங்கினால் தடையின்மைச் சான்றும், இங்கே செலுத்த வேண்டிய வரியும், மறுபதிவும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே அது மலிவா என்று சொல்ல முடியும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய வண்டியின் குறைக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 50 இலட்சம் வரையெனில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். தம் சொந்தக் காரை விற்கும் தனிநபரை இச்சட்டத்தின்கீழ் நிறுத்துவது இயலாது. வாய்ச்சொல்லாகத் தந்த வாக்குறுதியை மெய்ப்பிப்பதும் கடினம். ஆகவே, சொன்னதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பதே போதிய விடை.

இனி நம் மார்க்கம் கூறுவதைப் பார்ப்போம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. குறையை வெளியே காட்டுவதுதான் விற்பவரின் முதல் வாரண்டி. வாங்கிய பின் பழைய குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் தனித் தலைப்பிட்டே பேசுகின்றன. "இருக்கும் நிலையில் விற்கிறேன், எக்குறைக்கும் பொறுப்பில்லை" என்னும் நிபந்தனையை ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபு அதை மிகக் குறுகிய எல்லைக்குள் நிறுத்துகிறது. ஆயினும், தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. விற்பனையோடு இணைந்த வாரண்டி வேறு, மூன்றாம் நிறுவனத்துக்குத் தனியே பணம் கட்டி வாங்கும் வாரண்டி வேறு. பின்னது காப்பீட்டை ஒத்திருப்பதால் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கையொப்பமிடுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே நீட்டப்படும் வட்டிக் கடன் தாளைப் பற்றி நாம் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வாங்குபவராக நாம் எதிர்பார்க்கும் நாணயத்தை விற்பவராக நாம் காட்டுகிறோமா? நாங்கள் எங்கள் பழைய காரை விற்றபோது, அதன் முன்கதவு ஒரு விபத்துக்குப் பின் மாற்றப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டாமென்று தரகர் தடுத்தார். சொன்னோம். விலை 40,000 ரூபாய் இறங்கியது. மனம் சற்றுக் கனத்தது என்பதை மறைக்க மாட்டோம். ஆனால், அந்தக் காரை வாங்கியவர் இன்றும் வழியில் கண்டால் ஸலாம் சொல்லி நின்று பேசுகிறார். கடையில் ஏமாந்த எங்கள் உறவினர் அந்தக் கடை இருக்கும் தெருவையே தவிர்க்கிறார்.

எங்கள் கருத்து இதுவே: சான்றளித்த இடத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்க இயல வேண்டும், அதன்மேல் ஒரு பெரிய பழுதுக்கான தொகையைத் தனியே எடுத்துவைக்கவும் இயல வேண்டும். இவ்விரண்டும் இயலாதவருக்கு அந்தக் கார் மலிவானது அன்று. நிக்காஹ் மண்டப வாசலில் அரைநாள் நிற்கும் அழகுக்காக, பிள்ளை பாலைவனத்தில் ஈட்டிய பணத்தைப் பணையம் வைப்பது வீண்விரயத்தின் எல்லையைத் தொடும். அதே தொகைக்குப் புதிய, எளிய, முழு வாரண்டியுள்ள கார் கிடைக்கிறது. அதில் வாப்பாவும் உம்மாவும் அச்சமின்றிப் பயணம் செய்வார்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.